கொடுக்க மட்டுமே தெரிந்தவன்

ட்ரெந்தெ,
4 பிப்ரவரி 1953

அன்புள்ள தம்பி லேந்தெர்ட்டுக்கு,

நீயும் நெல்லாவும் உயிரோடு இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். வேறு விதமாக நினைத்து எழுத எனக்கு வரவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டு வானொலியில் சொன்னார்கள், ஸீலந்தில் கடலைத் தடுக்கிற கரைகள் உடைந்துவிட்டன என்று. மறுநாள் உங்கள் ஊஸ்தர்வெல் பெயரையும் வாசித்தார்கள். அந்தப் பக்கம் தபால் போகாதாம். அதனால் செஞ்சிலுவைச் சங்கத்து ஆளிடம் இதைக் கொடுத்திருக்கிறேன்.

ஹில்லி, "மாமா வீடு மேட்டுலதானேம்மா இருக்கு, ஒண்ணும் ஆகியிருக்காது" என்று காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாளா, தனக்கே சொல்லிக்கொள்கிறாளா தெரியவில்லை.

ஒரு வரி போதும். கையெழுத்து மட்டும் போட்டாலும் போதும்.

உன் அக்கா,
யானா


ஏடெ,
21 பிப்ரவரி 1953

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் நெல்லாவும் சுகம். நீயும் ஹில்லியும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். உன் கடிதம் பதினைந்து நாள் ஊர் சுற்றிவிட்டு நேற்றுதான் கைக்கு வந்தது.

ஞாயிறு விடியும் முன்பே தண்ணீர் வந்தது. மதியம் கொஞ்சம் வடிந்தது. போய்விட்டது என்று நினைத்தோம். பிற்பகலில் முன்னைவிட உயரமாகத் திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு மீன்பிடிப் படகு வரும்வரை மச்சில் இருந்தோம். மாடுகள் எல்லாம் போயின. ஆறு குதிரைகளும் போயின. வீட்டின் வடக்குச் சுவர் இல்லை. நிலம் இன்னும் கடலுக்கு அடியில்தான் இருக்கிறது. எங்கள் ஆள் யாப்பும் போய்விட்டான்.

இப்போது இந்த ஏடெ ஊரில் ஒரு ரொட்டிக்காரர் வீட்டு மேல்மாடியில் தங்கியிருக்கிறோம். நல்ல மனிதர்கள். காலையில் சூடான ரொட்டியைக் கதவருகே வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் அவர் எழும் முன்பே இறங்கி அடுப்புச் சாம்பலை அள்ளிவிடுகிறேன். அவர் வேண்டாம் என்கிறார். சும்மா உட்கார்ந்து சாப்பிட எனக்கு முடியவில்லை.

இந்த வருஷம் உனக்குக் கோதுமை அனுப்ப முடியாது. மன்னித்துக்கொள்.

அன்புடன்,
லேந்தெர்ட்


ட்ரெந்தெ,
2 மார்ச் 1953

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் கடிதத்தை ஹில்லி வாசலிலிருந்தே கத்திக்கொண்டு கொண்டுவந்தாள். உட்கார்ந்து படித்தேன், பிறகு நின்றுகொண்டு ஒரு தடவை படித்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

கடல் வீட்டுக்குள் வந்து போயிருக்கிறது, நீ என் கோதுமைக்கு மன்னிப்புக் கேட்கிறாய். உன்னை என்ன சொல்வது.

இங்கே வந்துவிடுங்கள். தெருப்பக்க அறையை ஒழித்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். மணல் பூமி, பெரிதாக ஒன்றும் விளையாது. ஆனால் உருளைக்கிழங்குக்குக் குறைவில்லை. இன்னொன்று. எங்கள் ஊர்க்காரர்கள் வெள்ளத்தில் மாடு இழந்தவர்களுக்கு மாடு சேர்க்கிறார்கள். என் சினைக் கிடாரியை உன் பெயருக்குச் சொல்லியிருக்கிறேன். அக்டோபரில் கன்று போடும். நானும் ஹில்லியும் பின்னிய இரண்டு கம்பளிகளும் இத்துடன் வருகின்றன.

யாப் போய்விட்டான் என்று ஒரே வரி எழுதியிருக்கிறாய். பதினெட்டு வருஷம் உன்னோடு உழுதவன். எப்படிப் போனான்? அவன் மனைவி எங்கே இருக்கிறாள்?

நெல்லாவின் இருமல் எப்படி இருக்கிறது என்றும் எழுது.

உன் அக்கா,
யானா


ஏடெ,
25 மார்ச் 1953

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறேன். நெல்லாவின் இருமல் பரவாயில்லை.

உன் அன்புக்கு நன்றி. ஆனால் வர முடியாது. புருஷன் இல்லாமல் ஒரு பெண்ணை வளர்க்கிறவள் நீ. உன் வீட்டில் வந்து நாங்கள் உட்கார்வது முறையில்லை. கம்பளிகள் அழகாக இருந்தன. எங்களைவிடக் குளிரில் இருக்கிறவர்கள் உண்டு. போதகரிடம் கொடுத்துவிட்டேன்.

கிடாரியும் எனக்கு வேண்டாம். யாப்பின் மனைவி மாத்யா, கூஸ் ஊருக்குப் பக்கத்தில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அங்கே கொஞ்சம் புல்வெளி உண்டு. கிடாரியை அவள் பெயருக்கு மாற்றி அனுப்பச் சொல். என் பெயர் எங்கும் வர வேண்டாம்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நான் கொடுத்தே பழகியவன், என்னால் இல்லாமலும் இருக்க முடியும்.

லேந்தெர்ட்


ட்ரெந்தெ,
6 மே 1953

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். கிடாரி போன வாரம் ரயில் ஏறிவிட்டது, நீ சொன்ன பெயருக்கே.

ஒரு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு எழுதி முடித்து உடனே தபாலில் போட்டுவிடப் போகிறேன்.

ஹார்ம் இறந்து நான் விதவையான வருஷம் நீ முதல் தடவையாக இரண்டு மூட்டை கோதுமையும் ஒரு பன்றித் தொடையும் அனுப்பினாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் அனுப்பினாய். யுத்த காலத்திலும் நிறுத்தவில்லை. அது இல்லாவிட்டால் ஹில்லி இன்றைக்கு இல்லை. இதை நான் மறந்தால் கர்த்தர் என்னை மறக்கட்டும்.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. மூட்டை வருகிற நாளுக்கு முந்தின நாள் நான் சமையலறைத் தரையை மண்டியிட்டுத் தேய்ப்பேன். ஏதோ அதிகாரி சோதனைக்கு வருகிற மாதிரி. நன்றிக் கடிதத்தை மூன்று தடவை திருத்தி எழுதுவேன். ஹில்லிக்கு ஆறு வயதிருக்கும், ஒரு நாள் கேட்டாள், "அம்மா, மாமா வந்தா நாம எந்திரிச்சு நிக்கணுமா?" நான் தரையை இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

நீ இரண்டு தடவை என் வீட்டுக்கு வந்தாய். இரண்டு தடவையும் உன் ரொட்டியையும் உன் பாலாடைக்கட்டியையும் துணியில் கட்டிக்கொண்டு வந்தாய். "உனக்கெதுக்கு வீண் செலவு" என்று சொல்லி என் மேஜையில் உட்கார்ந்து உன்னுடையதையே சாப்பிட்டாய். நான் அவித்து வைத்திருந்த கிழங்கு ஆறிப்போனது. நீ நல்ல மனதோடுதான் கொடுத்தாய், சந்தேகமே இல்லை. நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன். பதினான்கு வருஷமாக.

இப்போது என் கம்பளி உன் வீட்டில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. விதைப்பையும் அறுப்பையும் பற்றிப் பவுல் எழுதிய அதிகாரம் உனக்கு மனப்பாடம். சபை மூப்பராக நின்று எத்தனை தடவை வாசித்திருக்கிறாய். அறுக்கிற காலம் வந்ததும் வயலுக்கு வர மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? எப்போதும் மேலே இருக்கிற கையாகவே இருக்க வேண்டும் உனக்கு.

கோபத்தில் எழுதியதுதான். ஆனாலும் யோசித்துத்தான் எழுதினேன்.

யானா


ஏடெ,
12 ஜூலை 1953

அன்புள்ள அண்ணிக்கு,

நெல்லா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் உடம்பால் சுகம். உங்களுக்கும் ஹில்லிக்கும் எப்படி இருக்கிறது? உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. அவர் பதில் எழுத மாட்டார் என்று தோன்றுகிறது. அதனால் அவருக்குத் தெரியாமல் நான் எழுதுகிறேன்.

அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. ரொட்டிக்காரர் கொடுத்த கோட்டைப் போடுவதில்லை. வெள்ளத்தில் நனைந்து உப்புப் பூத்த பழைய கோட்டோடுதான் ஆராதனைக்குப் போகிறார். எங்களுக்கென்று வருகிற துணி, பாத்திரம், எதையும் வீட்டில் வைக்க விடுவதில்லை. எல்லாம் போதகர் வழியாக ஒரே இடத்துக்குப் போகிறது. மாத்யாவுக்கு.

அண்ணி, அந்த ஞாயிறு மதியம் தண்ணீர் வடிந்தபோது நாங்கள் நாலு பேர் மச்சில் இருந்தோம். யாப்பின் குடிசை காலையிலேயே போய்விட்டதால் அவர்களும் எங்களோடுதான் இருந்தார்கள். லாயத்தில் குதிரைகள் கத்திக்கொண்டிருந்தன. கேட்கவே முடியவில்லை. இவர் சொன்னார், "யாப், வடிஞ்சிருக்கு. போய்க் கயித்த அறுத்து வுட்டுட்டு வந்துடு." யாப் தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கினான். முழங்கால் அளவுதான் இருந்தது. நாலு குதிரைகளை அவிழ்த்துவிட்டான், ஜன்னலிலிருந்து பார்த்தோம். ஐந்தாவதுக்கு உள்ளே போனபோது தண்ணீர் திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் நாங்கள் மூன்று பேரும் அந்த மச்சில் உட்கார்ந்திருந்தோம். இவர் மாத்யாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை. படகிலிருந்து இறங்கிய பிறகு இன்றுவரை அவளைப் பார்க்கவும் இல்லை.

நீங்கள் எழுதியது பெருமையைப் பற்றி. அது இவரிடம் உண்டுதான், நான் அறியாததா. ஆனால் இப்போது இவர் அனுப்புவதையெல்லாம் கொடை என்று என்னால் நினைக்க முடியவில்லை. எனக்கு வேறு வார்த்தையும் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை எரித்துவிடுங்கள்.

உங்கள்,
நெல்லா


ட்ரெந்தெ,
20 ஜூலை 1953

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். வயலில் ரை தானியம் கதிர் முற்றிவிட்டது.

மே மாதத்தில் நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் உன்னிடம் அதைச் சொல்ல அது நேரமில்லை. எனக்குத் தெரியாமல் போய்விட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்காதே, சொன்னவரைக் கோபித்துக்கொள்ளவும் செய்யாதே.

நீ மாத்யாவிடம் போக வேண்டும். போதகரை அனுப்பாதே. மூட்டை, துணி, மாடு எதையும் கொண்டு போகாதே. வெறுங்கையோடு போ. அவள் கதவைச் சாத்தினால் சாத்தட்டும். திட்டினால் நின்று வாங்கிக்கொள். அவள் கையால் எது கொடுத்தாலும், திட்டானாலும் சரி, அதை வேறு யாருக்கும் அனுப்பிவிடாதே.

எப்போது போகிறாய் என்று நான் கேட்க மாட்டேன். தினமும் உனக்காக ஜெபிக்கிறேன்.

உன் அக்கா,
யானா


ஊஸ்தர்வெல்,
16 நவம்பர் 1953

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் ஹில்லியும் சுகமா? நாலு மாதம் எழுதாமல் இருந்ததற்கு என்ன காரணம் சொன்னாலும் அது காரணமாகாது.

கரையில் கடைசி உடைப்பையும் அடைத்துவிட்டார்கள். நிலம் மேலே வந்துவிட்டது. சாம்பல் நிறம், எங்கும் சிப்பி. ஒரு புழுகூட இல்லை. நாங்கள் மீதமிருக்கும் தெற்கு அறையில் இருக்கிறோம்.

ஊருக்குத் திரும்பும் வழியில் கூஸில் இறங்கினேன். நெல்லா ரயில் நிலையத்திலேயே இருந்துகொண்டாள், "இதுக்கு நீங்க தனியாத்தான் போகணும்" என்றாள். அண்ணன் வீட்டுப் பின்கட்டில் மாத்யா இருந்தாள். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள்.

"வெறுங்கையா வந்திருக்கீங்க முதலாளி," என்றாள்.

"ஆமா."

"அப்ப உள்ள வாங்க."

உட்காரச் சொல்லும் முன்பே, வழியெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்ததைச் சொல்லிவிட்டேன். "நான்தான் அவன போகச் சொன்னேன்."

"தெரியும். நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்." அடுப்பில் பட்டாணி சூப் கொதித்தது. அவள் அதைக் கிளறிக்கொண்டே பேசினாள். "நீங்க சொன்னீங்க, அவரு போனாரு. அது அப்படியேதான் இருக்கும். பத்து மாடு அனுப்பினாலும் மாறாது. ஆனா ரெண்டு நாள் அந்த மச்சுல இருந்தோமே, ஒரு வார்த்த பேசினீங்களா? அப்புறம் ஒம்பது மாசம். மூட்ட வருது, ஆள் வரல. யாரு அனுப்புறாங்கன்னு தெரியாதுன்னு நெனச்சீங்களா? போதகருக்குப் பொய் சொல்ல வராது, காது செவந்துபோகும். மூட்டையப் பாக்கும்போதெல்லாம் கதவச் சாத்தலாம்போல இருக்கும் எனக்கு."

உன் மே மாதக் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது அக்கா. இரண்டு பேர் ஒரே குரலில் பேசியது போலிருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சூப்பை ஊற்றி என் முன்னால் வைத்தாள். சாப்பிட்டேன். கேட்காமலே இரண்டாவது தடவை ஊற்றினாள், அதையும் சாப்பிட்டேன்.

பிறகு கொட்டகைக்கு அழைத்துப் போனாள். உன் கிடாரி அக்டோபரில் ஈன்றுவிட்டது. பெண் கன்று, நெற்றியில் வெள்ளை.

"பால் மறந்ததும் இத நீங்க ஓட்டிட்டுப் போங்க," என்றாள்.

என் வாய் பழக்கத்தில் திறந்துவிட்டது. "வேண்டாம் மாத்யா, உனக்கே தேவைப்படும்."

அவள் இடுப்பில் கைவைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "முதலாளி, எனக்கும் ஒரு தடவ கொடுத்துப் பாக்கணும்னு இருக்கு. அந்தச் சொகத்த காலமெல்லாம் நீங்க ஒருத்தரே வச்சுக்கிட்டா எப்படி?"

வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கன்றின் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றேன். வெட்கமா, வேறு ஏதாவதா, எனக்கு இன்னும் விளங்கவில்லை.

புறப்படும்போது அவள் ஒன்று கேட்டாள். எங்கள் வயலோரத்தில் யாப் தன் வீட்டுக்குக் கிழங்கு போட்டுவந்த துண்டு நிலம் தனக்கு வேண்டும் என்றாள். உப்பேறிக் கிடக்கிறது, ஒன்றும் வராது என்றேன். "அத நான் பாத்துக்கறேன்," என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டுக்கு வரலாமா? வருவதானால் எதுவும் கொண்டுவர முடியாது.

உன் தம்பி,
லேந்தெர்ட்


ட்ரெந்தெ,
10 ஜனவரி 1954

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? நெல்லாவுக்குப் பயணத்தில் குளிரவில்லையே? நீ மூன்று தட்டு கிழங்கு சாப்பிட்டதை ஹில்லி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். "மாமாவுக்கு நாலாவது வச்சிருந்தாலும் எறங்கியிருக்கும்" என்கிறாள்.

கொட்டகையில் நீ வெகுநேரம் நின்றதை நான் பார்க்காமல் இல்லை. ஆமாம், அங்கே இப்போது கிழட்டுப் பசு மட்டும்தான். அது ஜூன் மாதமே பால் வற்றிவிட்டது. கிடாரியைக் கொடுத்தால் இப்படி ஆகும் என்று தெரிந்துதான் கொடுத்தேன். உனக்கு எழுதாமல் விட்டதும் தெரிந்துதான்.

எழுதாமல் விட்ட இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜூனிலிருந்து பக்கத்து வீட்டு ட்ரைன் தினமும் ஒரு தூக்குப் பால் கொண்டுவந்து வைக்கிறாள். நான் ஒவ்வொரு நாளும் அந்தத் தூக்கை மணல் போட்டு மினுக்கித் திருப்பிக் கொடுத்தேன். ஒரு நாள் அவள் சிரித்துவிட்டாள். "யானா, நான் ஊத்துறது வெறும் பாலு. நீ என்னமோ ராணி வீட்டுப் பாத்திரமாட்டம் தேய்க்கிற." உனக்கு அவ்வளவு பெரிய கடிதம் எழுதியவள், நானும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

விதைத்த வயலிலேயே முளைக்கும் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான் போட்டது ஸீலந்தில். எனக்கு முளைத்தது ட்ரைன் வீட்டில். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இப்போதெல்லாம் தூக்கைத் தண்ணீரில் அலசி மட்டும் கொடுக்கிறேன்.

உன் அக்கா,
யானா


ஊஸ்தர்வெல்,
22 ஆகஸ்ட் 1954

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தையும் ஹில்லிக்கு வேலை கிடைத்ததையும் அறிந்து சந்தோஷம்.

குளிர்காலம் முழுவதும் உப்பை முறிக்க நிலத்தில் ஜிப்சம் தூவினோம். மழையும் நன்றாகப் பெய்து உப்பைக் கொஞ்சம் கழுவியது. ஏப்ரலில் பார்லி விதைத்தோம், வேறெதுவும் தாங்காது என்றார்கள். விதை வடக்கே ஏதோ ஊரிலிருந்து வந்தது. மூட்டையில் பெயர் இல்லை. முந்தைய நானாக இருந்தால் பெயரைத் தேடிப் பிடித்துத் திருப்பி ஏதாவது அனுப்பியிருப்பேன். இந்தத் தடவை மூட்டையைப் பிரித்து விதைத்துவிட்டேன்.

பயிர் முழங்கால் உயரம்கூட இல்லை. நடுநடுவே வெள்ளைத் திட்டுகள். ஆனாலும் கதிர் பிடித்தது. வசந்தத்தில் ஊருக்குத் திரும்பி வந்த மாத்யா அவள் துண்டில் சொல்லச் சொல்லக் கேட்காமல் கிழங்குதான் போட்டாள். தோண்டினால் கோலிக்குண்டு அளவுக்குப் பத்துப் பதினைந்து, மற்றதெல்லாம் அழுகல். அவள் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு, மறுநாள் காலை எங்கள் வயலுக்கு வந்து நின்றாள். நான் அறுத்துக்கொண்டே போனேன். அவளும் நெல்லாவும் பின்னால் கட்டிக்கொண்டே வந்தார்கள்.

நேற்று மதியம் வண்டி நிழலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். கூஸில் பேசிய அந்த நாளுக்குப் பிறகு மாத்யா என்னிடம் யாப்பின் பேச்சையே எடுத்ததில்லை. நானும் எடுக்கப் பயந்தேன். திடீரென்று அவளே கேட்டாள், "யாப் வீட்ல உங்களப் பத்தி என்ன சொல்வாரு தெரியுமா முதலாளி?"

கோப்பையைக் கீழே வைத்தேன். "தெரியாது," என்றேன்.

அவள் எழுந்தாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளி, மோவாயைத் தூக்கி, அறுத்த தாளில் நாலடி நடந்தாள். "முதலாளி இப்படி வயலுக்கு வந்தா காக்காகூட தொப்பியக் கழட்டுமாம். கழட்டாத காக்காவ சபையவிட்டு நீக்கிருவாராம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நடந்து காட்டுவாரு. நான் வயித்தப் புடிச்சுக்கிட்டு கெடப்பேன்."

நெல்லாவுக்குப் புரையேறிவிட்டது. மாத்யா அவள் முதுகில் தட்டிக்கொண்டே தானும் சிரித்தாள். நானும் சிரித்தேன் அக்கா. பதினெட்டு வருஷம் எனக்குப் பின்னால் உழுதுகொண்டு வந்தவன், அத்தனை வருஷமும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறான். எனக்குத் தெரியவே தெரியாது. தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டேன்.

பிறகு தொப்பியை எடுத்துவிட்டு மாத்யாவிடம் சொன்னேன், "இன்னும் வேற என்னல்லாம் சொல்வான்? எனக்குச் சொல்லு."

ஒரு மனிதரிடம் எனக்கென்று ஒன்றைக் கொடு என்று நான் கேட்டது என் ஐம்பத்தொரு வயதில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவள் பாவாடையில் ஒட்டியிருந்த தாளைத் தட்டிவிட்டாள். "அது கெடக்கு நெறைய," என்றாள். "எந்திரிங்க. அறுத்துக்கிட்டே கேளுங்க."

உன் தம்பி,
லேந்தெர்ட்